வாக்ஸ் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி...

ஆயுத பூஜை வருது. உங்க தெருவிலும் இந்தக் காட்சி இருக்கும். முந்தின நாள் காலையிலேயே வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பக்கெட், ஒரு பழைய பனியன் துணி, ஓடிக்கிட்டே இருக்கும் ஹோஸ் பைப். வாட்டர் வாஷ் கடை முன்னால் கார்களின் வரிசை மெயின் ரோடு வரைக்கும் நீளும். ராத்திரிக்குள் வண்டி பளபளன்னு ஆகணும். மறுநாள் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம்.

அந்த அவசரத்தில் நம்மில் நிறைய பேர் ஒரு வேலை செய்றோம். கழுவியும் கழுவாமலும் இருக்கிற பெயிண்ட் மேல் வாக்ஸைத் தேய்க்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: அப்படி வாக்ஸ் போடுறதுக்கு, போடாமலே விட்டுடலாம். வண்டிக்கு அதுதான் நல்லது.

"அட, கார் கழுவுறதுக்கு இவ்ளோ பில்டப்பா?" என்று நீங்க ஸ்க்ரோல் பண்ணப் போறது தெரியுது. கொஞ்சம் நில்லுங்க. இந்த விஷயத்தில் எங்க வீட்டுக்கு 18,000 ரூபாய் நஷ்டம். நஷ்டப்படுத்தினவன் நான்தான்.

நான் செஞ்ச காரியம்

எங்க வீட்டில் ஒரு கருநீல ஹேட்ச்பேக் இருந்தது. ஒன்பது வயசு வண்டி. அப்பா தினமும் காலையில் காபி குடிச்சதும் ஒரு காய்ந்த துணியை எடுத்து அதன் மேல் படிந்த தூசியைத் துடைப்பார். அவருக்கு அது ஒரு பூஜை மாதிரி.

போன ஆயுத பூஜைக்கு நான் ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன், வீடியோ வேறு நாலு பார்த்தாச்சு. "கடைக்கெல்லாம் வேணாம்பா, நானே வாக்ஸ் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். மதியம் பன்னிரண்டு மணி வெயில். போர் தண்ணீரை நாலு பக்கெட் ஊற்றினேன். வீட்டில் இருந்த பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சால் ஒரு தேய். நான் பின்பக்கம் போவதற்குள் முன்பக்கம் தானாகவே காய்ந்துவிட்டது. அதைப் பார்த்து "அப்பாடா, துடைக்கிற வேலை மிச்சம்" என்று வேறு நினைத்தேன். உடனே வாக்ஸ். அரை மணி நேரத்தில் முழு காரும் முடிந்தது.

சாயங்காலம் வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. அம்மா திருஷ்டி கழிக்கணும்னு சொன்னாங்க. நான் ஸ்டேட்டஸ் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மினுமினுப்பு இறங்கியது. காலை வெயிலில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்கள். நடுநடுவே வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். கதவு ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் அதே காய்ந்த துணியோடு துடைக்கப் போனார்.

ஜூன் மாதம் தங்கச்சிக்குக் காலேஜ் சீட் கிடைத்தது. ஃபீஸ் கட்ட காரை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவானது. 2,40,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த ஒருவர் நேரில் வந்து, வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். பானட்டை ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் ஓரத்தில் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். "டச்சப் பண்ணி, பாலிஷ் போட்டு மறைச்ச வண்டி மாதிரி இருக்கே சார்" என்றார். அப்பா அந்த வண்டியை ஒரு தடவைகூட எங்கேயும் இடித்ததில்லை. எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. 2,22,000 ரூபாய்க்கு வண்டி போனது.

அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே சந்தேகம்தான் வந்திருக்கும்.

"வேலை முழுக்க அதுக்கு முன்னாடி தம்பி"

அதற்கப்புறம் என்னதான் தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எங்க காலேஜ் கேட் பக்கத்தில் ஒரு வாட்டர் வாஷ் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அண்ணனோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் போய் நின்றேன். முதல் வாரம் அவர் என்னை ஒரு பழைய பானட் முன்னால் நிறுத்தி, என் கையில் ஒரு பாலித்தீன் கவரை மாட்டி, "தடவிப் பாரு" என்றார்.

வெறும் கையால் தடவினால் வழவழப்பாக இருந்த அதே இடம், கவர் மாட்டிய கையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. மெல்லிய பிளாஸ்டிக் விரலுக்கும் பெயிண்டுக்கும் நடுவே இருக்கும்போது தோலின் பிடிப்பு குறைந்துவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள் விரலுக்குத் தெரிகின்றன. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், தார், மரத்துப் பிசின், எங்கேயோ அடித்த பெயிண்டின் தூறல், இதெல்லாம் கழுவினாலும் போகாமல் பெயிண்டில் ஒட்டிக் கிடக்கும்.

"இது மேல வாக்ஸ் போட்டா என்ன ஆகும்ணே?"

"அழுக்குக்கு வாக்ஸ் போட்ட மாதிரி ஆகும். நாங்க காசு வாங்கறது வாக்ஸுக்கு. ஆனா வேலை முழுக்க அதுக்கு முன்னாடி தம்பி."

சரி, அப்படி என்னதான் வேலை? நான் அங்கே கற்றுக்கொண்டதையும், புத்தகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், நாம் எதைத் தேய்க்கிறோம்?

கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு கிடையாது. இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க எலெக்ட்ரோ கோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இதெல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, வெயிலையும் மழையையும் வருஷக்கணக்கில் தாங்கும் அந்த அடுக்கு ஒரு தலைமுடி அளவுகூட இல்லை.

இப்போது தூசிக்கு வருவோம். ரோட்டுத் தூசியில் மணல் உண்டு. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. கிளியர் கோட் என்பது ஒரு பிளாஸ்டிக் படலம் மாதிரி. மணலுக்கு முன்னால் அது ரொம்ப மென்மை. காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பது, உண்மையில் ஆயிரக்கணக்கான குட்டி உளிகளை அதன் மேல் இழுப்பதுதான்.

அந்தக் கீறல்களெல்லாம் வட்ட வட்டமாகத் தெரியுதே, வட்டமாகத் துடைத்ததாலா? இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. ஆனால் வெளிச்சத்தின் பிரதிபலிப்பைச் சுற்றி, அதற்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. மெஸ்ஸில் பழைய எவர்சில்வர் தட்டை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்க, அதே வளையங்கள். தேய்த்துத் தேய்த்து வந்தவை.

வாக்ஸ் இந்தக் கீறல்களைச் சரி செய்யாது. கொஞ்ச நாளைக்கு நிரப்பி வைக்கும், அவ்வளவுதான். என் இரண்டு வார சந்தோஷத்தின் ரகசியம் இதுதான்.

செய்ய வேண்டிய வரிசை

நிழலில் நிறுத்துங்க, பானட்டைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது. அது முதல் விதி. நான் முதலிலேயே மீறியதும் அதைத்தான்.

அடுத்து, துணியே படாமல் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே ஊற்றித் தளர்ந்த மண்ணை இறக்கிவிடுங்க. பறவை எச்சம் இருந்தால் அதன் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் ஊற விடுங்க. அதில் யூரிக் அமிலமும் உண்டு, விதை, மண் போன்ற கரடுமுரடான சமாச்சாரமும் உண்டு. காய்ந்ததைச் சுரண்டினால் ஒரே இழுப்பில் இரண்டு கெடுதல்.

பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், நேராக மறுபடி ஷாம்பு பக்கெட்டுக்குப் போகாமல், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் போங்க. மண் அந்தப் பக்கெட்டிலேயே தங்கிவிடும். கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, பானட், கதவு, கடைசியில் கீழ்ப்பகுதி. சக்கரத்துக்குத் தனித் துணி. துணி தரையில் விழுந்தால் அதை மறுபடி பெயிண்டில் வைக்காதீங்க. துணி தோய்க்கும் சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம், அதன் காரம் ரொம்ப அதிகம்.

காய வைப்பதும் ஒரு வேலைதான். நம்ம ஊர் போர் தண்ணீரில் கால்சியம் அதிகம். ஹாஸ்டலில் வெந்நீர் போடும் ஹீட்டர் ராடைப் பாருங்க, வெள்ளையாகப் பொருக்கு பிடித்திருக்கும். தானாகக் காயும் ஒவ்வொரு துளியும் அதே பொருக்கைப் பெயிண்டில் விட்டுவிட்டுத்தான் போகும். என் பானட்டில் இருந்த வெள்ளை வட்டங்கள் அதுதான். வாக்ஸ் போட்டு அவற்றை மூடியும் வைத்திருந்தேன். மென்மையான மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்க. கறை ஏற்கெனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் வைத்துக் கழுவுங்க. அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும் என்பது பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான். கறை அப்படியும் போகவில்லை என்றால் அது கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கையில் பாலித்தீன் கவரை மாட்டித் தடவிப் பாருங்க. வழவழப்பாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போகலாம். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் வேலை இருக்கு. தார்ப் புள்ளிகளுக்குத் தார் ரிமூவர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இரும்புத் துகள் தொல்லை அதிகம். அதற்கான திரவத்தைத் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. முதல் தடவை பார்க்கும்போது கெமிஸ்ட்ரி லேபில் சால்ட் கண்டுபிடித்த சந்தோஷம் வரும். ஆனா லேபை விடவும் மோசமாக நாறும், சொல்லிட்டேன். கையுறை போட்டுக்கோங்க, பெயிண்டிலேயே காய விடாதீங்க.

அதற்கும் மிஞ்சியது கிளே பார் வேலை. பார்க்க குழந்தைகள் விளையாடும் களிமண் மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே மிக நுண்ணிய உராய்பொருள் உண்டு. வழுக்குவதற்கு ஷாம்புத் தண்ணீரையோ அதற்கென்றே வரும் ஸ்ப்ரேயையோ தாராளமாக அடித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் தேய்க்கணும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே எடுங்க. கீழே விழுந்தால் குப்பைத்தொட்டிதான். கழுவிப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் இங்கே செல்லாது. அடர் நிற வண்டிகளில் கிளே பாரே லேசான மங்கலை விடும் என்பதையும் மனதில் வைங்க. தேவையில்லாத இடத்தில் தேய்க்காதீங்க.

இங்கேதான் நிற்கத் தெரியணும்

கீறல்களை எடுக்க பாலிஷ், காம்பவுண்ட் என்று இரண்டு இருக்கின்றன. நம்ம ஊர் கடைகளில் "ரப்பிங்" என்பார்கள். வாக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட் மூன்றையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வாக்ஸ் மேலே ஒன்றைச் சேர்க்கிறது. பாலிஷும் காம்பவுண்டும் கிளியர் கோட்டையே செதுக்கி, கீறலின் ஆழத்துக்குச் சுற்றுப்புறத்தை இறக்குகின்றன. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். கையிருப்பே 40, 50தான் என்று மேலே பார்த்தோம். அதிலும் வெயிலின் யூ.வி. கதிரைத் தடுக்கும் சேர்மானங்கள் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. அதைச் செதுக்கிச் செதுக்கி மெலிய வைத்தால், சில வருஷத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். அப்படி உரிந்த கூரையோடு ஓடும் கார்களை நீங்களும் ரோட்டில் பார்த்திருப்பீங்க.

அதனால் இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: ஒவ்வொரு பூஜைக்கும் ரப்பிங் போடுவது வண்டியைப் பராமரிப்பது ஆகாது, தேய்த்தே அழிப்பது. நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவு ஆழமான கீறலை பாலிஷால் எடுக்கவே முயலாதீங்க. மற்றதுக்கு, ரொம்ப மெல்லிய பாலிஷை ஒரு சின்ன இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்க. அதிலேயே சரியானால் அதற்கு மேல் போக வேண்டாம். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க. கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் அதே டேப். அந்த ஒரு டேப்பை நான் அன்றைக்கு ஒட்டியிருந்தால், வந்தவர் நகத்தால் சுரண்ட ஒன்றும் இருந்திருக்காது.

பாலிஷ் போட்டிருந்தால் அதன் எண்ணெய் மேலே தங்கியிருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பத்து சதவீதம் போல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபரால் ஒரு முறை துடைத்துவிடுங்க. கீறல் உண்மையிலேயே போனதா, எண்ணெய்தான் மறைத்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இதற்கப்புறம்தான் வாக்ஸ் டப்பா. கார்னோபா வாக்ஸ் என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. இயற்கை மெழுகுகளிலேயே கெட்டியானவற்றில் ஒன்று, உருகுவதற்கே 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது போலத் தடவாதீங்க. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவு மெல்லிய பூச்சு போதும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, பிசுக்கில்லாமல் தெளிவாக வந்தால் துடைத்து எடுக்கும் நேரம். சுத்தமான பெயிண்டில் இது பத்து, பதினைந்து நிமிஷ வேலை. மேலே சொன்னதெல்லாம் சேர்ந்து அரை நாள்.

இரண்டு விதிவிலக்கு. புதுசாகப் பெயிண்ட் அடித்த பகுதியில் உடனே வாக்ஸ் போடாதீங்க, உள்ளே இருக்கும் சால்வென்ட் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். எத்தனை நாள் என்று அடித்த பெயிண்டரையே கேளுங்க. மேட் ஃபினிஷ் வண்டிக்குச் சாதாரண வாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

"ஆனா பாஸ்..." என்று நீங்க கேட்கப் போறது

"செராமிக் கோட்டிங் வந்தாச்சே, இன்னும் வாக்ஸா?" தாராளமாகப் போடுங்க. ஆனால் அதற்கும் இதே தயாரிப்புதான். வாக்ஸில் தப்பு செய்தால் சில மாதத்தில் கழுவிப் போய்விடும். கோட்டிங்கில் தப்பு செய்தால் வருஷக்கணக்கில் உங்களோடு இருக்கும், எடுக்க மறுபடி செதுக்கணும்.

"இதுக்கெல்லாம் தண்ணி எங்க போறது?" நியாயமான கேள்வி. 2019-ல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நான் சொன்ன முறையில் நாலைந்து பக்கெட்டில் ஒரு சின்ன காரை முடிக்கலாம். வாசலில் அரை மணி நேரம் ஓடும் ஹோஸ் பைப்தான் தண்ணீரைத் தின்கிறது. ஒழுங்காகத் தயாரித்து வாக்ஸ் போட்ட வண்டியில் அழுக்கு லேசில் ஒட்டாது, அடுத்த முறை கழுவுவதும் சுலபம்.

"கடையில் கொடுத்தா முடிஞ்சுதே?" கொடுங்க. ஆனால் ஒன்று யோசிங்க. பூஜை நெருக்கத்தில் ஒரு வண்டிக்கு அந்த அண்ணனுக்குக் கிடைப்பது நாற்பது நிமிஷம். அவருக்கு வேலை தெரியாமல் இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் அவர் ஒரே துணியை மூன்று வண்டிக்குப் பயன்படுத்துகிறார், ஏன் என்று கேட்டால் பின்னால் நிற்கும் வரிசையைக் காட்டுகிறார். வண்டியை எடுக்க வருபவர் யாரும் கவர் மாட்டிய கையால் தடவிப் பார்ப்பதில்லை. மினுக்குகிறதா என்று பார்க்கிறார், காசைக் கொடுக்கிறார். மினுக்கலுக்கு மட்டும் காசு கொடுக்கும் வரை நமக்கு மினுக்கல் மட்டும்தான் கிடைக்கும். "நாளைக்குக் கூட வாங்கிக்கறேன், நிதானமா பண்ணுங்கண்ணே, நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்" என்று கேட்டுப் பாருங்க. அந்த அண்ணன் முகத்தைப் பாருங்க.

"என்கிட்ட காரே இல்லையே?" என்கிட்டயும் இப்போ இல்லை. ஆனால் பைக் டேங்கில் இருப்பதும் இதே கிளியர் கோட்தான். உட்காரும்போது பேண்ட் ஜிப்பும் பெல்ட் பக்கிளும் உரசி உரசி அங்கேயும் அதே சிலந்தி வலை. டேங்க் சின்னது என்பதால் கற்றுக்கொள்ள அதை விட நல்ல இடம் கிடையாது. ஷாம்பு, கிளே பார், துணி எல்லாவற்றையும் ரூமில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் செலவுதான் வரும்.

கடைசியா ஒண்ணு

ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். உண்மையில் வண்டிக்கு வாக்ஸ் தேவைப்படுவது அந்த மழைக்குத்தான், போட்டோவுக்கு இல்லை. அதனால் பூஜைக்கு முந்தின நாள் மதியம் ஆரம்பிக்காதீங்க. முந்தின வாரமே ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்க. பூஜையன்று சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட் ஓரத்திலோ வையுங்க, சாமி கோவிச்சுக்காது. மறுநாள் தண்ணீர் ஊற்றி நனைத்து எடுங்க, காய்ந்ததைச் சுரண்டாதீங்க.

இந்த வருஷம் எங்க வீட்டு வாசலில் கார் இல்லை. அப்பாவின் பழைய பைக் மட்டும்தான். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு பக்கெட், மைக்ரோஃபைபர் துணி, கிளே பார் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன். அப்பா காபி டம்ளரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தத் துணியில என்னடா ஸ்பெஷல்?" என்று கேட்டார். ஒன்றை அவர் கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றாமல் துடைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கவரை மாட்டி டேங்கைத் தடவச் சொன்னேன். தடவினார். "ஆமாடா, சொரசொரன்னு இருக்கு" என்றார். அப்புறம் காபியை ஓரமாக வைத்துவிட்டு அவரே இறங்கி வந்து மட்கார்டைக் கழுவ ஆரம்பித்தார்.

வாக்ஸ் போட்டு முடிக்கும்போது மணி பத்து. 18,000 ரூபாயைப் பற்றி அவர் இன்னமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்க வீட்டு வாசலிலும் ஏதோ ஒரு வண்டி நிற்கும். இந்த வாரம் ஊருக்குப் போனால், வாக்ஸ் டப்பாவைத் தேடுவதற்கு முன் சமையலறையில் ஒரு பாலித்தீன் கவரைத் தேடுங்க. கையில் மாட்டித் தடவிப் பாருங்க. மற்றதை அந்தப் பெயிண்டே உங்களுக்குச் சொல்லும்.